பெண் கேட்ட ராஜாவும் ஊர் விட்ட குடியும்

நீல பத்மநாபனின் ‘தலைமுறைகள்’ 1968இல் வந்தது. கி. ராஜநாராயணனின் ‘கோபல்ல கிராமம்’ 1976இல் வந்தது. முதல் நாவலில் உண்ணாமலை ஆச்சி ஒரு கதை சொல்கிறாள். இரண்டாவதில் மங்கத்தாயாரு அம்மாள் ஒரு கதை சொல்கிறாள். ஆச்சி இரணியலில் ஏழூர்ச் செட்டிமார் வீட்டுக் கிழவி. தமிழ்தான் அவள் மொழி, அதிலும் மலையாள வாடை கலந்த தென்திருவிதாங்கூர்த் தமிழ். மங்கத்தாயாரு கரிசல் காட்டில் தெலுங்கு பேசும் குடும்பத்தின் பூட்டி, வயது 137. சாதி வேறு, மண் வேறு, கும்பிடும் சாமி வேறு. ஆனால் இரண்டு பேர் வாயிலிருந்தும் வருவது ஒரே கதை.

குடியில் அழகான பெண் ஒருத்தி இருக்கிறாள். நாட்டை ஆளும் ராஜா அவளைக் கேட்கிறான். கொடுக்க மனம் இல்லை, மறுக்கப் பலம் இல்லை. ராத்திரியோடு ராத்திரியாக வீடு, வயல், கிணறு, கோயில் எல்லாவற்றையும் போட்டுவிட்டுக் குடி மொத்தமும் கிளம்புகிறது. செட்டிமார் கதையில் விட்டு வந்த ஊர் காவிரிப்பூம்பட்டினம். கோபல்லக்காரர்கள் கதையில் அது தெலுங்கு தேசம். ஆச்சி கதையில் கேட்டவன் சோழ அரசன், பூட்டி கதையில் துலுக்க ராஜா. வந்து சேர்ந்த இடத்தில் நடுகிற முதல் விதையோடு இந்தக் கதையும் நடப்படுகிறது. ‘நாம் யார்’ என்று பேரப்பிள்ளை கேட்டால் கிழவி இதைத்தான் எடுக்கிறாள்.

இரண்டு நாவல்களையும் அடுத்தடுத்துப் படித்தபோது எனக்கு முதலில் வந்தது வியப்பு. பிறகு ஒரு சங்கடம் வந்தது. நம்முடைய ‘பூர்வீகம்’ என்ற நினைப்பு முழுவதும் ஒரு பெண்ணின் மேல் கட்டப்பட்டிருக்கிறது. அந்தப் பெண்ணோ கதைக்குள் வாய் திறப்பதில்லை. அவளைப் பற்றிச் சொல்லக் கிழவி இருக்கிறாள், அவளுக்காக ஓடக் குடி இருக்கிறது, அவளைக் கும்பிடக் கோயிலும் சில இடங்களில் இருக்கிறது. அவள் சொன்னது என்ன என்று மட்டும் எங்கும் இல்லை. இந்தச் சங்கடத்தைப் பின்தொடர்ந்து போனதில் எழுதியதுதான் இந்தக் கட்டுரை.

கதை இந்த இரண்டு குடிகளுக்கு மட்டும் சொந்தமில்லை. நகரத்தாரிடையே வழங்கும் வரலாறும் காவிரிப்பூம்பட்டினத்தில்தான் தொடங்குகிறது. சோழன் ஒருவன் அவர்கள் பெண்களைச் சிறைவைத்ததும், குடி அழிந்து மிஞ்சியவர்கள் பாண்டி நாட்டுக்கு வந்ததும் அதில் வருகின்றன. எட்கர் தர்ஸ்டன், ரங்காச்சாரியோடு சேர்ந்து 1909இல் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகள், குடிகள் பற்றிய நூலில் தொட்டிய நாயக்கர் சொன்ன கதையும் பதிவாகியிருக்கிறது. பெண் கேட்டு விரட்டிய அரசனுக்குத் தப்பி வரும் வழியில் ஆறு குறுக்கிடுகிறது. கரையில் நின்ற புங்க மரங்கள் வளைந்து பாலமாகின்றன. கோபல்ல கிராமத்திலும் ஆறு குறுக்கிடுகிறது, மரம் வளைகிறது. கி.ரா. இதை எந்த நூலிலிருந்தும் எடுத்திருக்க வேண்டியதில்லை. கோவில்பட்டிக்குப் பக்கத்து இடைசெவலில் பிறந்து, பள்ளிப் படிப்பை எட்டாவதைத் தாண்டிக் கொண்டுபோகாத அவருக்கு, திண்ணைதான் அந்த நூல்.

இந்தக் கதைகளைச் சரித்திரமாக எடுத்துக்கொள்ளலாமா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. மதுரையில் நாயக்கர் ஆட்சி பதினாறாம் நூற்றாண்டில் வேரூன்றியபோது வடக்கிலிருந்து படையும் படையோடு உழவரும் தெற்கே வந்தார்கள். எழுபத்திரண்டு பாளையங்கள் அமைந்தன. ஆற்றுப் பாசனமுள்ள நன்செய் நிலங்களில் ஏற்கெனவே ஆட்கள் இருந்தார்கள். கறுத்துக் கிடந்த கரிசல் அவ்வளவாக உழுபடாமல் இருந்தது. கரிசலை ஆளத் தெரிந்தவர்கள் தெலுங்கு உழவர்கள். ஆழமாக உழுவது, ஈரம் காப்பது, பருத்தி போடுவது எல்லாம் அவர்கள் கையோடு வந்த வித்தை. திருநெல்வேலிச் சீமையின் வேளாண் வரலாற்றை 1985இல் நூலாக்கிய டேவிட் லட்டன் இந்தக் குடிபெயர்வை நிலத்தின் வழியாகத்தான் விளக்குகிறார். மண் கூப்பிட்டது, வந்தார்கள்.

ஆனால் ‘மண் கூப்பிட்டது, வந்தோம்’ என்பதில் ஒரு குடியின் மானம் நிற்காது. வந்தவன் என்ற சொல்லுக்கு நம் ஊர்களில் மதிப்புக் கிடையாது. ‘வந்தேறி’ என்பது இன்றைக்கும் வசவு. பெண்ணுக்காக வந்தோம் என்றால் கதை மாறிவிடுகிறது. பிழைக்க வந்தவர்கள் மானம் காக்க வந்தவர்கள் ஆகிறார்கள். இழந்தது பெரிது என்று சொல்லச் சொல்ல, கிடைத்த நிலத்தின் மேல் உரிமை கூடுகிறது. புதிய மண்ணில் ஒட்டுவதற்கு இந்தக் கதை ஒரு பட்டா. கி.ரா. இதை அறிந்தேதான் எழுதியிருக்கிறார் என்று நினைக்கிறேன். அவருடைய நாவலில் ஓடி வந்த கதை மட்டும் இல்லை. வந்த இடத்தில் காட்டுக்குத் தீ வைத்து நிலம் கண்டதும் இருக்கிறது. அந்தத் தீயில் ஓடிய உயிர்களையும் அவர் விடவில்லை. தப்பி வந்தவர்களே இன்னொன்றைத் துரத்துகிறார்கள். கி.ரா. அதற்குத் தீர்ப்பு எழுதாமல் விட்டுவிடுகிறார்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பெண் கேட்டவன் துலுக்க ராஜா என்று கரிசல் கதை சொல்வதைச் சிலர் அப்படியே சரித்திரச் சான்றாக்கி, இன்றைய மனிதர்கள் மேல் பழி போடப் பார்க்கிறார்கள். கதைகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் அந்த வாதம் நிற்காது. நகரத்தாரும் ஏழூர்ச் செட்டிமாரும் அதே குற்றத்தைச் சோழன் மேல் வைக்கிறார்கள். அதற்கும் ஆயிரம் ஆண்டு முந்திய பாட்டுகளில் அதே குற்றம் தமிழ் மூவேந்தர் மேலேயே இருக்கிறது. ராஜாவின் இடம் கதையில் ஒரு காலி நாற்காலி. எந்தக் காலத்தில் எவன் வலியவனோ அவன் அதில் உட்கார வைக்கப்படுகிறான்.

அந்தப் பழைய பாட்டுகளுக்குப் போவோம். உ.வே. சாமிநாதையர் 1894இல் புறநானூற்றை அச்சேற்றியபோது, நூலின் பிற்பகுதியில் 336ஆம் பாட்டிலிருந்து ஏறத்தாழ இருபது பாட்டுகள் ஒரே துறையில் கோத்துக் கிடப்பதைப் படித்தவர்கள் கண்டார்கள். துறையின் பெயர் மகட்பாற் காஞ்சி. வேந்தன் பெண் கேட்டு வருகிறான். தொன்மையான சிறுகுடியின் தலைவன் மறுக்கிறான். தொல்காப்பியர் இதற்கு இலக்கணம் சொல்லும்போது அந்தக் குடியை ‘முதுகுடி’ என்கிறார். நேற்று முளைத்த அரசனுக்கு எங்கள் பெண்ணா என்று கேட்கும் பழங்குடித் திமிர் அந்தச் சொல்லில் இருக்கிறது. பரணர், கபிலர், மருதனிள நாகனார் முதலிய புலவர்கள் அந்த ஊர்களின் வாசலில் நின்று பார்க்கிறார்கள். வயல் விளைந்திருக்கிறது, குளத்தில் பூ இருக்கிறது, யானை வந்து நிற்கிறது. நாளைக்கு இதெல்லாம் என்ன ஆகுமோ என்று முடிகிறது பாட்டு. ஊர் இன்னும் அழியவில்லை. ஆனால் இழந்த ஊரைப் பார்ப்பதுபோலவே புலவர் அதைப் பார்க்கிறார். வருவதற்கு முன்பே வந்துவிட்ட பின்னோக்கு இது. இந்தப் பார்வையை நான் வேறெங்கும் இவ்வளவு கூர்மையாகக் கண்டதில்லை.

தொல்காப்பியர் இதைக் காஞ்சித் திணையில் வைத்ததையும் கவனிக்க வேண்டும். காஞ்சி நிலையாமையின் திணை. ஊர், உறவு, வீடு என்று நாம் நிலையென்று நினைப்பவற்றை ஒரு பெண் கேட்பு அசைத்துவிடும் என்றால், அந்தச் செய்தி போர்ப் பகுதிக்கு மட்டும் உரியதல்ல என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது.

சரி, பெண்? இந்தப் பாட்டுகளில் அவள் அழகாக இருக்கிறாள், அதைத் தவிர அவள் எதுவும் செய்வதில்லை. பரணர் ஒரு பாட்டில் அவளை இவ்வளவு அழகாக வளர்த்த தாயைப் பண்பில்லாதவள் என்று நோகிறார். மருதனிள நாகனார் அவளை மரத்தில் தோன்றும் சிறு தீயோடு வைத்துப் பார்க்கிறார். பிறந்த இடத்தையே எரிக்கிற தீ. படை எடுத்தவன் வேந்தன், வீம்பு பிடித்தவன் தகப்பன், குற்றம் மட்டும் பெண்ணின் மேலும் அவளைப் பெற்றவளின் மேலும். பிற்காலக் குடிக் கதைகள் இந்தப் பழியைத் துடைத்து அவளைத் தெய்வமாக்கின. தீயாக இருந்தவள் திரியில் ஏற்றிய விளக்கானாள். இரண்டிலும் அவளுக்குப் பேச்சு இல்லை.

ஓர் இடத்தில் மட்டும் இருக்கிறது. புறநானூற்றின் 112ஆம் பாட்டு. பாடியவர்கள் பாரி மகளிர். ஐந்தே அடி. பறம்பு மலையை மூவேந்தர் முற்றியதற்குக் காரணம் பாரி பெண் கொடுக்க மறுத்தது என்பது வழிவழியாக வரும் செய்தி. முந்நூறு ஊர்களையுடைய பறம்பு போயிற்று, பாரி இறந்தான். அப்போது அந்தப் பெண்கள் வாய் திறந்தார்கள். போன மாதத்து முழுநிலவையும் இந்த மாதத்து முழுநிலவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். இடையில் தகப்பனும் இல்லை, மலையும் இல்லை. எந்த அரசனையும் திட்டவில்லை, தங்கள் குடிப்பெருமை பேசவில்லை, தங்களைத் தீ என்றும் சொல்லிக்கொள்ளவில்லை. நிலவு மட்டும் மாறாமல் வந்து நிற்பதைப் பார்த்தார்கள். தமிழில் ‘திரும்பிப் பார்த்தல்’ என்று ஒரு கவிதை வகை உண்டென்றால் அதன் முதல் எழுத்து இதுதான் என்பேன். அதை எழுதியது கேட்கப்பட்ட பெண்களே என்பதை நாம் போதிய அளவு யோசித்ததில்லை.

அதற்குப் பின் நடந்ததும் நினைவில் வைக்க வேண்டியது. கபிலர் அந்தப் பெண்களைக் கூட்டிக்கொண்டு விச்சிக்கோனிடம் போகிறார், இருங்கோவேளிடம் போகிறார். எடுத்துக்கொள்ளுங்கள் என்று பாடுகிறார். ஏற்க ஆளில்லை. பெண் கேட்டு வந்த மூவருக்கும் மலை கிடைத்தது. மலை போன பெண்களை வாங்கிக்கொள்ள வாசல் கிடைக்கவில்லை. பல நூற்றாண்டு கழித்து, முதலாம் ராஜராஜன் காலத்துத் திருக்கோவலூர்க் கல்வெட்டு ஒன்று, கபிலர் பாரி மகளை மலையனுக்குக் கொடுத்துவிட்டுத் தீப் புகுந்ததாகச் சொல்கிறது. கதையை ஒரு கல்யாணத்தில் முடிக்காமல் ஊருக்கு மனம் ஆறவில்லை போலிருக்கிறது. அந்தப் பெண்கள் பாடிய ஐந்து அடியில் கல்யாணம் இல்லை.

இந்தப் பின்னணியோடு மறுபடி ‘தலைமுறைகள்’ படித்தால் நாவல் வேறாகத் தெரிகிறது. நீல பத்மநாபன் அப்போது முப்பது வயது இளைஞர். திருவனந்தபுரத்துக்காரர், கேரள மின்வாரியத்தில் பொறியாளர். தன் சமூகத்தின் சடங்கு, சாப்பாடு, வசவு, வழக்கு எதையும் விடாமல், அந்தப் பேச்சு மொழியிலேயே அடுக்கிக்கொண்டு போகிறார். முதல் வாசிப்பில் அந்தச் சடங்குப் பக்கங்கள் நீளமாகப் பட்டன. பிறகுதான் புரிந்தது, அந்த நீளமே நாவலின் வாதம் என்று. பிறப்பிலிருந்து சாவு வரை ஒவ்வொன்றுக்கும் முறை வைத்திருக்கிற சமூகம், நாகம்மைக்கு என்ன செய்வது என்று தெரியாமல் விழிக்கிறது. நாகம்மை, நாவலின் நாயகன் திரவியின் அக்காள். கட்டிக்கொண்டவன் அவளைப் பெண்ணே இல்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிடுகிறான். அவன் சொன்னது பொய். ஆனால் அதைப் பொய் என்று நிறுவ அவளிடம் எந்த வழியும் இல்லை. அவள் சொல்லுக்கு யாரும் செவி கொடுப்பதாயில்லை.

இங்கேதான் ஆச்சியின் கதை சுடுகிறது. ஒரு பெண்ணைக் கொடுக்க மறுத்துக் கடலோரப் பட்டினத்தையே விட்டு வந்த குடி இது. ராஜாவை எதிர்த்த வம்சம். இப்போது ஒரு சாதாரண மாப்பிள்ளை சொன்ன ஒரு வாக்கியத்தை எதிர்க்க இந்த வம்சத்தால் முடியவில்லை. ஊர் என்ன சொல்லும் என்பதே பெரிய கவலையாக இருக்கிறது. ஆச்சி வேண்டுமென்று இரண்டையும் பக்கத்தில் வைக்கவில்லை. அவள் நம்பித்தான் கதை சொல்கிறாள், நாகம்மையை நினைத்துத் துடிக்கவும் செய்கிறாள். வைத்தவர் நாவலாசிரியர். பூம்புகாரில் காக்கப்பட்டது பெண் அல்ல, பெண்ணைப் பற்றிய பேச்சு என்று நம்மையே கண்டுபிடிக்க விடுகிறார். திரவி தன் அக்காளுக்கு மறுவாழ்வு தேடப் போகும்போது எதிர்த்து நிற்பது எந்த ராஜாவும் அல்ல. தன் மாமனும் மச்சானும் பக்கத்து வீடும்தான்.

கோபல்ல கிராமத்தில் கி.ரா. இன்னொரு விதமாகச் செய்கிறார். துலுக்க ராஜா கேட்ட பெண்ணான சென்னாதேவியின் கதைக்கு முன்பு அவர் வேறொரு பெண்ணைக் காட்டுகிறார். வெயிலில் தனியாக நடந்து வருகிற சூலி ஒருத்தி தாகத்துக்குத் தண்ணீரில் இறங்கிக் குனிகிறாள். காதிலுள்ள நகைக்காகக் கள்வன் ஒருவன் அவளைத் தண்ணீருக்குள் அமுக்குகிறான். சாகிற நேரத்தில் அவள் அவன் கால் பெருவிரலைப் பல்லால் கவ்விக்கொள்கிறாள். உயிர் போன பின்னும் பிடி விடவில்லை; அதனாலேயே அவன் அகப்படுகிறான். அவள் பெயரும் ஊரும் கோபல்லத்துக்குத் தெரியாது. வழிப்போக்கி. அந்தப் பல் கடிதான் அவள் கொடுத்த ஒரே வாக்குமூலம். தங்கள் பெண்ணுக்காக ஓடி வந்தவர்கள், தங்கள் அல்லாத ஒரு பெண்ணுக்காகக் கூடி நியாயம் பேச வேண்டி வருகிறது. வந்த மண்ணில் வேர் விட்டுவிட்டார்களா என்பதற்கு இதைவிடச் சரியான சோதனை உண்டா? தன் குடிப் பெண்ணுக்கு நியாயம் கேட்பது ரத்தம். ஊர் எல்லைக்குள் செத்துக் கிடந்த முகம் தெரியாதவளுக்கு நியாயம் கேட்பதுதான் ஊர். கி.ரா. இந்த நிகழ்ச்சியை நாவலின் வாசலிலேயே வைத்ததன் காரணம் எனக்கு அப்படித்தான் படுகிறது. இதன் தொடர்ச்சியான ‘கோபல்லபுரத்து மக்கள்’ 1991இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. ஊர் சுதந்திரப் போராட்டத்தில் கலந்து நாடு என்ற பெரிய வீட்டுக்குள் நுழைவது வரை அது போகிறது. எனக்கு முதல் நாவல்தான் ஆழமானது.

பின்னோக்கு எப்போதும் பலம் தருவதில்லை என்பதற்குத் தோப்பில் முஹம்மது மீரானின் ‘சாய்வு நாற்காலி’ இருக்கிறது. தேங்காய்ப்பட்டணத்தில் சௌதா மன்ஸில் என்ற பழைய வீடு; அதில் சாய்வு நாற்காலியில் கிடக்கும் முஸ்தபாக்கண்ணு. முன்னோர் மன்னர் காலத்தில் காட்டிய வீரத்தையே பேசிக்கொண்டு, அந்த முன்னோர் விட்டுப்போன வீட்டுச் சாமானை ஒவ்வொன்றாக விற்றுத் தின்கிறார். வம்சப் பெருமை எவ்வளவு வளர்கிறதோ அவ்வளவு வீடு குறைகிறது. வீட்டுக்குள் பெண்கள் மேல் விழும் அடியும் அதே பெருமையின் கை. 1997இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற இந்த நாவலையும் ‘தலைமுறைக’ளையும் ஒரு மாதத்துக்குள் படிப்பவர்களுக்கு, மதம் மாறினாலும் கூடத்தின் அமைப்பு மாறவில்லை என்பது தெரியும்.

கவிதை இதற்கிடையில் எங்கே போயிற்று? பாரி மகளிருக்குப் பிறகு ஊரிழந்த பெண்ணின் தன்மைக் குரல் தமிழில் தொடர்ந்து கேட்டதாகச் சொல்ல முடியாது. ஒப்பாரியில் கேட்டிருக்கும். ஒப்பாரியை எழுதி வைத்தவர்கள் கொஞ்சம். எழுதியபோதும் பாடியவளின் பெயரை எழுதவில்லை.

அச்சில் அது மறுபடி பலமாகக் கேட்டது யாழ்ப்பாணத்தில் என்று நினைக்கிறேன். 1986இல் அங்கே பெண்கள் ஆய்வு வட்டம் ஒரு சிறு தொகுப்பை வெளியிட்டது. அ. சங்கரி, ஊர்வசி உள்ளிட்ட பெண் கவிஞர்களின் பாட்டுகள். முன்னுரை சித்ரலேகா மௌனகுரு. தொகுப்புக்கு அவர்கள் வைத்த பெயர் ‘சொல்லாத சேதிகள்’. போர் தொடங்கிவிட்ட காலம். ஆண் கவிஞர்களும் அப்போது ஊர் இழப்பைப் பெரிதாக எழுதிக்கொண்டிருந்தார்கள். ‘மரணத்துள் வாழ்வோம்’ தொகுப்பு அதற்கு முந்திய ஆண்டு, 1985இல் வந்தது. ஆனால் ‘சொல்லாத சேதிகள்’ சொன்னது வேறு. வெளியே துப்பாக்கி வைத்திருப்பவனைப் பற்றியும் வீட்டுக்குள் சீதனம் கேட்பவனைப் பற்றியும் ஒரே மூச்சில் பேச முடியும் என்று அந்தப் பெண்கள் காட்டினார்கள். பெண் கேட்கும் ராஜாவும் பெண்ணைக் காக்கும் குடியும் எதிரெதிர் என்றுதான் இரண்டாயிரம் ஆண்டு நமக்குச் சொல்லப்பட்டது. இவர்கள் இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்தார்கள்.

ஈழத்து இடப்பெயர்வுக்கும் கிழவிகள் சொன்ன இடப்பெயர்வுக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. கிழவியின் கதைக்குத் தேதி கிடையாது. ‘ஒரு காலத்தில்’ என்பதே அதன் பலம். ஈழத்தில் ஊர் விட்ட நாளுக்குத் தேதி இருக்கிறது. 1990 அக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது யாழ்ப்பாணத்தில் அவர்களுக்குக் கிடைத்தது இரண்டு மணி நேரம். 1995 அக்டோபர் 30 இரவு யாழ்ப்பாணக் குடாநாட்டில் வலிகாமத்து மக்கள் லட்சக்கணக்கில் ஒரே சாலையில் தென்மராட்சி நோக்கி நடந்தார்கள். மரம் எதுவும் வளைந்து பாலமாகவில்லை. தேதியும் அடையாள அட்டையும் அகதி எண்ணும் உள்ள நினைவைப் புராணமாக்க முடியாது. அதனால்தான் அங்கே கவிதை முன்னால் வந்தது, குடும்ப நாவல் மெல்லப் பின்னால் வந்தது. நாவல் எழுதப் பாட்டி வேண்டும். பாட்டி உட்காரத் திண்ணை வேண்டும். பாட்டி ஒரு நாட்டிலும் பேத்தி ஒரு நாட்டிலுமாகச் சிதறிய பிறகு, ஒருத்தி தனியாக இருந்து சொல்லக்கூடியது கவிதை ஒன்றுதான். பாரி மகளிருக்கும் அன்று அதுதான் மிஞ்சியது.

கவிதையும் குடும்ப நாவலும் ஒரே கையில் சேர்ந்த இடம் ஒன்றைச் சொல்லி நிறுத்துகிறேன். திருச்சிப் பக்கம் துவரங்குறிச்சியில் பிறந்த சல்மா, பூப்புக்குப் பின் பள்ளிக்கூடம் நிறுத்தப்பட்டு வீட்டுக்குள் வளர்ந்தவர். சொந்தப் பெயரை மறைத்து எழுதத் தொடங்கியவர். ‘ஒரு மாலையும் இன்னொரு மாலையும்’ என்ற கவிதைத் தொகுப்பு 2000இல் வந்தது, ‘பச்சை தேவதை’ 2003இல். ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’ என்ற பெரிய நாவல் 2004இல் வந்தது. கவிதைகளில் ஓர் அறையும் ஓர் உடலும் இருக்கின்றன. நாவலில் அந்த அறையைச் சுற்றி முழுத் தெருவும் வந்துவிடுகிறது: அக்கா, சித்தி, மாமி, வேலைக்காரி, பக்கத்து வீட்டுக்காரி, அவர்களுடைய பகல் தூக்கப் பேச்சு, பெருநாள் பலகாரம், பொறாமை, சிரிப்பு.

இங்கே யாரும் ஊர் விட்டு ஓடவில்லை. இது ஓடாத குடியின் கதை; பெண்களைக் காத்து வைத்திருப்பதே ஊர் என்று நம்புகிற தெருவின் கதை. ஃபிர்தவ்ஸ் என்ற பெண் கட்டிவைத்தவனோடு வாழ மாட்டேன் என்கிறாள், பிறகு தனக்குப் பிடித்தவனை விரும்புகிறாள். அவன் வேறு மதத்தவன். முடிவில் அவளுக்கு நஞ்சு வருவது பெற்ற தாயின் கையால். பழைய கதைகளில் ராஜாவுக்குத் தராமல் தங்கள் பெண்ணைத் தாங்களே கொன்று தெய்வமாக்கிய குடிகள் தென்மாவட்டங்களில் உண்டு. கன்னித் தெய்வங்களின் முன் நின்றவர்கள் அந்தக் கதைகளைக் கேட்டிருப்பார்கள். சல்மா நாவலில் ராஜா இல்லை, தெய்வமும் இல்லை. ஒரு வீடு, ஒரு ராத்திரி, ஒரு தாய். கொடுப்பவள் கை நடுங்குவதும், கொடுத்துத்தான் தீர வேண்டும் என்று அவளை நம்ப வைத்த தெருவும் வெளிச்சத்துக்கு வந்துவிடுகின்றன. பரணர் குற்றம் சாட்டிய அதே தாயை, இரண்டாயிரம் ஆண்டு கழித்து ஒருத்தி உள்ளேயிருந்து பார்த்து எழுதியிருக்கிறாள்.

இதையெல்லாம் நாவலில் ஒரு சிறுமி பார்த்துக்கொண்டிருக்கிறாள். ராபியா. பெரியவர்கள் பேச்சின் ஓரத்தில் நிற்பவள், பாதி புரிந்தும் பாதி புரியாமலும் கேட்பவள். நாவல் திறப்பதே அவள் கண் வழியாகத்தான். உண்ணாமலை ஆச்சியும் மங்கத்தாயாரும் ஒரு காலத்தில் இப்படித்தான் தங்கள் பாட்டிமார் முழங்காலடியில் உட்கார்ந்து, சொல்லப்பட்டதை மட்டும் கேட்டிருப்பார்கள். ராபியாவுக்கு யாரும் கதை சொல்லவில்லை. அவள் தன் கண்ணால் பார்த்துவிட்டாள்.